புல் இருந்தும் மாடு போனது
கிளமெண்டி அடுக்குமாடிகளுக்கு நடுவே ஆண்டு முழுவதும் புல் வெட்டுகிறார்கள். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் சிங்கப்பூரில் புல்லுக்கு ஓய்வுக்காலம் கிடையாது. இங்கிலாந்துப் புல் குளிரில் வளர்ச்சியை நிறுத்திவிடும், தஞ்சைப் புல் கோடையில் காய்ந்துவிடும், இங்கோ அடிக்கட்டை இருந்தால் சில வாரங்களில் தழைத்துவிடும். ஆகவே, சிராங்கூன் சாலை வட்டாரத்து மாட்டுத் தொழுவங்கள் மறைந்ததற்குத் தீவனப் பஞ்சத்தைக் காரணமாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

அடைமழை மண்ணின் சத்தைக் கரைத்துவிடும், முற்றிய வெப்பமண்டலப் புல்லில் நாரே மிகும் என்பது நியாயமான மறுப்புதான். ஆனால் இளசாக அறுத்து எரு இட்டால் அது பெரும்பாலும் தீரும். தொழுவக்காரர்களிடம் சாணத்துக்கா குறை! பஃபலோ சாலையையும், மாட்டு வணிகர் பெலிலியோஸ் பெயர்கொண்ட சாலையையும் விட்டு மாடுகள் வெளியேறியதற்குக் காரணம், சதுப்பு நிலம் தூர்ந்து வீடுகள் நெருங்கியதும் நகராட்சியின் சுகாதாரக் கட்டுப்பாடு இறுகியதும்தான்.