தொகுப்பு ஒப்பீடு (நூலகவியல்)

தொகுப்பு ஒப்பீடு என்பது ஒரு நூலகத்தின் இருப்பை அதனையொத்த பிற நூலகங்களின் இருப்புடன் ஒப்பிட்டு, அதில் இல்லாத நூல்களையும் வலுக்குறைந்த துறைகளையும் கண்டறியும் முறை ஆகும். பல்கலைக்கழக நூலகங்களுக்கு இது பெரிதும் பொருந்தும். வாசகர்களின் வேண்டுகோளை மட்டும் நம்பி நூல் வாங்கினால் குறைகள் வெளிப்படுவதில்லை. தேடிய நூல் கிடைக்காத மாணவர் பெரும்பாலும் பேசாமல் திரும்பிவிடுவார். அவரது தேவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

ஒப்பு நூலகங்களைத் தேர்தல்

முடிவின் தரம் எவற்றுடன் ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. திருச்சிராப்பள்ளியில் உள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982 இல் நிறுவப்பட்டது. அதனை 1857 இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்துடன் ஒப்பிட்டால், வயது வேறுபாடே நீண்ட பட்டியலாக வந்து நிற்கும். அதே 1982 இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட பாரதியார் பல்கலைக்கழகம் பொருத்தமான இணை. எனினும் பழைய நூல்களைப் பொறுத்தவரை, 1844 இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883 இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறிய தூய வளனார் கல்லூரி போன்ற அண்டை நிறுவனங்களையும் கணக்கில் கொள்ளுதல் நலம். நடந்து சென்று பார்க்கக்கூடிய தொலைவில் ஒரு நூல் இருந்தால், அதனை மீண்டும் வாங்குவதைவிட நூலகங்களுக்கிடையேயான இரவல் சிக்கனமானது.

செயல்முறை

நூற்பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதே அடிப்படை வேலை. உலக அளவில் 1971 முதல் இயங்கும் வேர்ல்ட்கேட் ஒன்றியப் பட்டியலும், இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இன்ஃபிலிப்நெட் நடுவத்தின் இண்ட்கேட் பட்டியலும் இதற்கு உதவுகின்றன. ஐந்து ஒப்பு நூலகங்களில் நான்கில் இருந்து நம்மிடம் மட்டும் இல்லாத நூல் முதலில் ஆராயப்படும். ஒன்றில் மட்டும் இருப்பது பின்னுக்குத் தள்ளப்படும்.

தமிழ் நூல்களில் இப்பொருத்தம் எளிதன்று. பழைய பதிப்புகளுக்குப் பன்னாட்டுத் தர நூல் எண் கிடையாது. ஆசிரியர் பெயர் ஒரு பட்டியலில் திரு. வி. க. என்றும், மற்றொன்றில் கலியாணசுந்தரனார் என்றும் இருக்கும். பதிப்பிடம் திருவரங்கம், ஸ்ரீரங்கம், சீரங்கம் என மூன்று விதமாகப் பதியப்பட்டிருக்கலாம். ரோமன் எழுத்துப்பெயர்ப்பு வேறுபாடுகள் இதற்கு மேல். இவற்றைச் சீர்செய்யாமல் கணினி தரும் "இல்லாதவை" பட்டியலை நம்பினால், அலமாரியில் உள்ள நூலையே மறுபடியும் வாங்க நேரிடும்.

வரம்புகள்

எல்லா நூலகங்களும் தவறவிட்ட நூலை இம்முறை காட்டாது. திருவரங்கத்தின் ஸ்ரீ வாணி விலாஸ் அச்சகம் 1910 அளவில் ஆதி சங்கரரின் நூல்களை 20 தொகுதிகளாக வெளியிட்டது. இத்தகைய உள்ளூர் வெளியீடுகளின் எல்லாத் தொகுதிகளும் ஒப்பு நூலகங்களிடம் இருக்கும் என எதிர்பார்க்க முடியாது. அவர்களிடம் இல்லாத தொகுதி நம்மிடம் இல்லாதபோதும் அது குறையாகத் தோன்றுவதில்லை.

தேவையின் அளவும் இடத்துக்கு இடம் மாறும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24 ஆம் தொகுதி திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயிற் கல்வெட்டுகளைக் கொண்டது. கோயம்புத்தூரில் அது இல்லாமற்போவதும் திருச்சிராப்பள்ளியில் இல்லாமற்போவதும் ஒன்றல்ல. ஆகவே உள்ளூர் வரலாறு, வைணவ இலக்கியம் போன்ற துறைகளில் அச்சகப் பட்டியல்கள், 1867 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான நூல்களின் பட்டியல்கள், நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி (1954) நூல்களைப் பெறும் சென்னைக் கன்னிமாரா நூலகத்தின் இருப்பு ஆகியவற்றோடும் ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும்.