ஒரே கதவு எண், ஆயிரம் குடித்தனம்

குற்றாலத்தில் சாரல் சீஸன். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து மொபைலை எடுக்கிறீர்கள். சென்னை வீட்டு கம்ப்யூட்டரில் இருக்கும் பத்திரம் ஒன்று அவசரமாக வேண்டும். அடுத்தவர் எட்டிப் பார்க்காமல் போய்வர வி.பி.என். என்கிற ரகசியச் சுரங்கம் போட்டுவைத்திருக்கிறீர்கள். பட்டனைத் தட்டினால்... ம்ஹூம், சுற்றிக்கொண்டே இருக்கிறது! பாஸ்வேர்டு சரி, சிக்னல் சரி. பிறகு யார்தான் குற்றவாளி?

அதற்கு 1977-க்குப் போகவேண்டும். கம்ப்யூட்டர் முகவரி எத்தனை நீளம் இருக்கலாம் என்று அமெரிக்கப் பொறியாளர்களுக்குள் ஓயாத வாக்குவாதம். சோதனை முயற்சிதானே என்று 32 பிட்டில் முடித்துவைத்தார் வின்ட் செர்ஃப். அதாவது, சுமார் 429 கோடி முகவரிகள். உலக ஜனத்தொகையே அப்போது 420 கோடி சொச்சம்தான். தாராளம் இல்லையா? ஆனால், அந்தச் சோதனை முடியவே இல்லை. அதுதான் இன்டர்நெட்!

2011 பிப்ரவரி 3. உலகப் பொதுக் கிடங்கில் முகவரிகள் காலி. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை கிராமத்தில் ஜோஹோ அலுவலகம் திறந்ததும் அதே 2011-ல்தான். கம்ப்யூட்டர் வேலை கிராமத்துக்கு வந்த வருஷம், விலாசம் தீர்ந்துபோச்சு!

இன்டர்நெட் கம்பெனிகள் என்ன செய்தன? பழைய திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தன வழிதான். ஒரே கதவு எண், உள்ளே பல குடும்பம். நீங்கள் வெளியே கடிதம் போட்டால் பதில் ஒழுங்காக வந்துசேரும். யார் போட்டது என்று வாசலில் குறித்துவைத்திருப்பார்கள். ஆனால், வெளியிலிருந்து புதிதாக ஒருவர் வந்தால்? எந்தக் குடித்தனம் என்று தெரியாமல் திரும்பவேண்டியதுதான். உங்கள் வி.பி.என்.னும் அப்படித் திரும்பியிருக்கலாம்.

ஊருக்குக் கிளம்புமுன் ஒன்று செய்யுங்கள். வீட்டு ரௌட்டரில் அதன் வெளிப்புற முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், ஒண்டுக்குடித்தனம்தான். 2012-ல் இதற்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. கம்பெனியிடம் தனி முகவரி கேளுங்கள், பணம் கேட்கலாம். இல்லையா, வெளியே ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுங்கள். வீடும் மொபைலும் அங்கே போய்ச் சந்தித்துக்கொள்ளட்டும்.

128 பிட் கொண்ட புது முகவரித் திட்டம் 1995-லேயே வெளியானது. உலகம் இன்னும் முழுசாகக் குடிமாறவில்லை. விலாசம் இல்லாதவர் போய்க் கேட்டு வாங்கலாம். அவரைத் தேடி யாரும் வரமுடியாது. எல்லா கம்ப்யூட்டரும் சமம் என்று தொடங்கிய இன்டர்நெட்டில், சொந்தக் கதவு எண்ணுக்குக் காசு கேட்கிறார்கள்!