திரையில் மிதக்கும் சொற்களும் துப்பறியும் மனமும்

சிந்தனையைக் கேமராவால் படம்பிடிக்க முடியாது. 1887இல் ஷெர்லக் ஹோம்ஸை அறிமுகப்படுத்திய ஆர்தர் கோனன் டாயிலுக்கு இது சிக்கலாகவே இருக்கவில்லை. கதையைச் சொல்பவர் ஹோம்ஸின் நண்பர் வாட்சன். ஹோம்ஸின் மனம் அவருக்கு மூடிய அறை. முடிவு முதலில் வரும், காரணம் பிறகு வரும்.

2010இல் பிபிசி ஒளிபரப்பிய 'ஷெர்லக்' அந்த அறையைத் திறந்துவிட்டதாகப் பலரும் பாராட்டினர். முதல் அத்தியாயத்தில் இளஞ்சிவப்பு உடையணிந்த பெண்ணின் சடலத்தை ஷெர்லக் ஆராயும்போது, ஈரம், உலர்ந்தது, அழுக்கு, சுத்தம் என்று சொற்கள் பொருள்களின் மேலேயே மிதக்கின்றன. இயக்குநர் பால் மெக்கிகன் கையாண்ட இந்த உத்தி, ஒளிபரப்பாத முன்னோட்ட அத்தியாயத்தில் இல்லை. ஆனால் அங்கே நாம் பார்ப்பது சிந்தனையா? இல்லை என்பதே என் வாதம்.

அந்தப் பெண்ணின் திருமண மோதிரத்தை எடுத்துக்கொள்வோம். உட்புறம் பளபளக்கிறது, வெளிப்புறம் மங்கியிருக்கிறது. ஆகவே அதை அடிக்கடி கழற்றுகிறாள். ஆகவே அவளுக்குப் பல காதலர்கள். மாவு பிசையக் கழற்றியிருக்கலாம், விரல் வீங்கியதால் கழற்றியிருக்கலாம். இந்த வாய்ப்புகள் மிதக்கும் சொற்களில் எழவே இல்லை. நல்ல அனுமானத்தில், ஓர் ஊகம் போட்டி ஊகங்களோடு மோதித் தேற வேண்டும். இங்கே மோதல் இல்லை. தேர்வு முடிந்த பின் ஒட்டிய பெயர்ச்சீட்டுகளே நமக்குக் கிடைக்கின்றன. வேகம் நம்மை வியக்க வைக்கிறது, சரிபார்க்க விடுவதில்லை.

ஒரே ஒரு கணம் விதிவிலக்கு. தரையில் கீறப்பட்ட 'ராஹெ' என்ற சொல்லுக்கு ஜெர்மனில் பழி என்று பொருள். அந்தப் பொருள் திரையில் தோன்றுகிறது. ஷெர்லக் தலையசைத்து அதைத் தள்ளிவிட்டு 'ரேச்சல்' என்ற பெயருக்கு வருகிறார். டாயிலின் நாவலில் இது நேர்மாறு: அங்கே ஹோம்ஸ் பழி என்கிறார், பெயர் என்பது காவல் துப்பறிவாளர் லெஸ்ட்ரேடின் தவறு. மூலத்தைப் புரட்டிப்போட்ட அந்த ஒரு நொடியில்தான், ஒரு மனம் எதையோ எடைபோட்டு நிராகரிப்பதைக் காண்கிறோம்.

இதற்கு மாறாக, 'கொலம்போ' என்ற அமெரிக்கத் துப்பறியும் தொலைக்காட்சித் தொடர் எதையும் எழுதிக் காட்டுவதில்லை. கொலைகாரன் யாரென்று தொடக்கத்திலேயே நமக்குத் தெரியும். துப்பறிவாளர் கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபாக்கின் முகமோ எதையும் வெளிவிடாது. 1971இல் ஸ்டீவன் ஸ்பில்பெர்க் இயக்கிய அத்தியாயத்தில், கூட்டாளி காணாமல்போன செய்தி கேட்ட கொலைகார எழுத்தாளர் விமானம் ஏறாமல் காரிலேயே ஊர் திரும்புகிறார். தன் வீட்டுப் புல்வெளியில் சடலம் கிடக்கும்போது வந்த தபால்களைப் பிரிக்கிறார். இவை கொலம்போவை உறுத்தின என்பது கடைசியில்தான் தெரிகிறது. விடை முன்பே நம் கையில் இருப்பதால், அவர் அப்பாவியாகக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் எந்தப் பக்கம் நகர்கிறது என்று நம்மால் அளக்க முடிகிறது. வாசல் வரை போய்த் திரும்பி வந்து இன்னொன்று கேட்கிறாரே, அந்த இடைவெளியில் அவர் மனத்தில் ஓடியதை நாமேதான் எழுதிக்கொள்கிறோம்.