பிரிட்டன் - ஜப்பான் உறவு: நண்பன், எதிரி, மறுபடி நண்பன்... நடுவில் சிக்கிய தமிழர்கள்! முழு விவரம்

'தாத்தா மலேயா போனார், திரும்பி வரவே இல்ல.' திண்டுக்கல் மட்டுமில்ல, மதுரை, திருச்சி, தஞ்சாவூர் வட்டாரங்களிலும் சில குடும்பங்களில் இந்தப் பேச்சு இருக்கு. இதற்குப் பின்னால், நம்ம ஊருக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரிகிற ஒரு கதை இருக்கிறது. அது பிரிட்டனுக்கும் ஜப்பானுக்கும் இடையிலான உறவு. இந்த இரு நாடுகள் எப்போது கைகோத்தன, எப்போது மோதின, அதில் தமிழர்கள் எப்படிச் சிக்கினார்கள்? பார்க்கலாம்.

எப்போது தொடங்கியது?

1600இல் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி ஜப்பானில் கரை இறங்கினார். 1613இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஹிராடோ என்ற ஊரில் வணிக நிலையம் திறந்தது. லாபம் இல்லாததால் 1623இல் மூடிவிட்டது. அதன்பின் 200 ஆண்டுகளுக்கு மேல் பெரிய தொடர்பு இல்லை. 1854, 1858 ஒப்பந்தங்களில்தான் உறவு மறுபடி தொடங்கியது. ஆனால் அவை சமமான ஒப்பந்தங்கள் இல்லை. ஜப்பானில் தப்பு செய்த ஆங்கிலேயரை ஜப்பான் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. இந்தச் சலுகையை நீக்க 1894இல்தான் பிரிட்டன் சம்மதித்தது.

இந்தியா எங்கே வருகிறது?

ரஷ்யாவைத் தடுக்க இருவருக்கும் துணை தேவைப்பட்டது. 1902 ஜனவரி 30இல் லண்டனில் கூட்டணி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1905இல் அதைப் புதுப்பித்தபோது, இந்தியாவின் பாதுகாப்பும் உள்ளே சேர்ந்தது. அதாவது, பிரிட்டிஷ் இந்தியாவைக் காக்க ஜப்பானும் கூட நிற்கும் என்று ஆனது. இது சும்மா காகிதத்தில் மட்டும் இருந்த நட்பு இல்லை. 1915இல் சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது, அதை அடக்க ஜப்பானியக் கடற்படை வீரர்களும் இறங்கினார்கள்.

நட்பு ஏன் முறிந்தது?

அமெரிக்காவுக்கு இந்தக் கூட்டணி பிடிக்கவில்லை. 1921இல் வாஷிங்டன் மாநாட்டில் நான்கு நாடுகள் ஒப்பந்தம் வந்தது. 1923இல் பழைய கூட்டணி காலாவதியானது. பிறகு சீனாவில் ஜப்பான் படையெடுக்க, விரிசல் பெரிதானது. 1941 டிசம்பர் 8இல் ஜப்பான் ராணுவம் மலேயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அந்த ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா மீது ஜப்பான் குண்டு வீசியது. பயத்தில் சென்னையை விட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள்.

தமிழர்கள் எப்படிச் சிக்கினார்கள்?

பிரிட்டிஷ் ரப்பர் தோட்டங்களுக்கு கங்காணிகள் மூலம் ஆள் பிடித்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்கில் இறங்கியவர்கள் ஏராளம். போர் வந்ததும் தோட்ட முதலாளிகள் ஓடிவிட்டார்கள், தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை, அரிசியும் இல்லை.

அந்த நேரத்தில் பர்மாவுக்குப் படையும் பொருளும் அனுப்ப, தாய்லாந்தின் பான் பாங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசாயத் வரை சுமார் 415 கி.மீ. ரயில் பாதையை ஜப்பான் போட்டது. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். 60,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் அதில் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இன்னொரு பக்கம், பல நாட்டு ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 2 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய 90,000 பேர் இறந்ததாக மதிப்பீடுகள் சொல்கின்றன. மலேயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலானோர் தோட்டத் தமிழர்கள். நல்ல கூலி, கொஞ்ச மாத வேலை என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். சிலரை வலுக்கட்டாயமாகவே ஏற்றினார்கள். காலரா, மலேரியா, பட்டினி என்று காட்டிலேயே கதை முடிந்தது. 'சயாம் மரண ரயில்' என்று மலேசியத் தமிழர்கள் இன்றும் சொல்வது இதைத்தான்.

நஷ்டஈடு யாருக்குக் கிடைத்தது?

கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

* 1951 செப்டம்பர் 8இல் சான் பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. மலேயா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததால், அதற்கும் சேர்த்து பிரிட்டனே கையெழுத்திட்டது.
* ஒப்பந்தத்தின் 16ஆவது பிரிவுப்படி செஞ்சிலுவைச் சங்கம் மூலம் பணம் போனது போர்க் கைதிகளாக இருந்த ராணுவத்தினருக்கு. தோட்டத் தொழிலாளி ராணுவத்தினர் இல்லையே!
* இந்தியா 1952 ஜூன் 9இல் ஜப்பானுடன் தனி ஒப்பந்தம் செய்தது. அதில் நஷ்டஈடு கோரிக்கையை விட்டுக்கொடுத்தது.
* 1967இல் மலேசியாவுக்கு 2.5 கோடி மலேசிய டாலர் மதிப்பில் பொருளும் சேவையும் தர ஜப்பான் ஒப்புக்கொண்டது. தொழிலாளர் குடும்பங்களின் கையில் தருகிற பணமாக அது வரவில்லை.
* 2000இல் பிரிட்டன் அரசு தன் முன்னாள் கைதிகளுக்குத் தலா 10,000 பவுண்ட் அறிவித்தது.

தாய்லாந்துப் பக்கத்துத் தண்டவாளம் என்ன ஆச்சு? போருக்குப் பிறகு அதை பிரிட்டன் 12.5 லட்சம் பவுண்டுக்கு தாய்லாந்திடமே விற்றது.

இப்போது என்ன நிலை?

பிரிட்டனும் ஜப்பானும் மறுபடி நெருக்கம். இத்தாலியையும் சேர்த்துப் புதிய போர் விமானம் உருவாக்க 2022 டிசம்பரில் அறிவித்தார்கள். 2023 ஜனவரியில், ஒரு நாட்டுப் படை இன்னொரு நாட்டில் பயிற்சி எடுக்க வழிசெய்யும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2024 ஜூனில் பேரரசர் நருஹிட்டோ அரசுமுறைப் பயணமாக லண்டன் போனார்.

தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் சுமார் 7,000 ராணுவத்தினர் வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலானோருக்குத் தனிக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. அதனால், உங்கள் வீட்டில் மலேயாவிலிருந்து வந்த பழைய கடிதம், பாஸ்போர்ட், மணியார்டர் ரசீது ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுடாதீங்க. பெயர், ஊர், தோட்டத்தின் பெயர் மூன்றையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். போனவர் யார் என்பதற்கு இன்று மிஞ்சியிருக்கும் ஆதாரம் அதுவாகவே இருக்கலாம்.