செங்கல்பட்டு எங்கே போனது? - ஒரு நாடாளுமன்றத் தொகுதியின் கதை

மாமல்லபுரத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வாக்காளரை எடுத்துக்கொள்வோம். பிறந்ததிலிருந்து அதே தெரு, அதே வீடு. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டது செங்கல்பட்டு தொகுதியில். 2009-ல் அதே ஊரில் போட்ட ஓட்டு காஞ்சிபுரம் தொகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. செங்கல்பட்டு என்ற பெயரில் நாடாளுமன்றத் தொகுதியே அப்போது இல்லை!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2006 வரை அவருடைய சட்டமன்றத் தொகுதியான திருப்போரூர் தனித்தொகுதி. நாடாளுமன்றத் தொகுதியான செங்கல்பட்டு பொதுத்தொகுதி. இப்போது அப்படியே தலைகீழ். திருப்போரூர் பொதுத்தொகுதி, காஞ்சிபுரம் தனித்தொகுதி. கடல் நகரவில்லை, கடற்கரைக் கோயில் நகரவில்லை, இவரும் நகரவில்லை. ஆனால் இவருக்காக யார் எம்.எல்.ஏ. ஆகலாம், யார் எம்.பி. ஆகலாம் என்ற விதி மட்டும் இடம் மாறிவிட்டது. இதைப் பற்றி யாரும் இவரிடம் கேட்கவும் இல்லை.

எப்படி நடந்தது இது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

இந்த மண்ணில் நவீன காலக் கோடுகள் முதலில் போடப்பட்டது ஓட்டுக்காக அல்ல, வரிக்காக. 1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலியிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இந்தப் பகுதியை ஜாகீராகப் பெற்றது. அதனால்தான் பழைய ஆவணங்களில் செங்கல்பட்டுக்கு 'ஜாகீர்' என்றே பெயர். அதைத் தொடர்ந்து தாமஸ் பர்னார்ட் என்ற ஆங்கிலேயர் ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். எந்த ஊரில் எவ்வளவு விளைகிறது, அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் அவர்கள் கவலை. ஊர்க்காரர்களின் பிரதிநிதி யார் என்ற கேள்வி எழ இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது.

(இங்கே யாராவது உத்திரமேரூரை ஞாபகப்படுத்துவார்கள். ஆமாம், பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கும் உத்திரமேரூரும் இதே நாடாளுமன்றத் தொகுதிக்குள்தான் வருகிறது. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்தார்கள். அந்த வகையில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய 'வார்டு பிரிப்பு' அது. ஆனால் அது பிராமணர்களின் சபை. அதிலும் வரி கட்டும் சொந்த நிலம் இருந்தால்தான் பெயர் ஓலையில் ஏறும். மேடைகளில் பேசும்போது இந்தப் பகுதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.)

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1952-ல் முடிந்தபோது இந்தப் பகுதியில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என்று இரண்டு நாடாளுமன்றத் தொகுதிகள் இருந்தன. செங்கல்பட்டில் காங்கிரசின் ஓ.வி.அழகேசன் ஜெயித்தார். காஞ்சிபுரத்தில் ஜெயித்தவர் ஏ.கிருஷ்ணசாமி. அவருடைய கட்சி காமன்வீல் கட்சி. இன்றைய தலைமுறைக்கு இந்தப் பெயரே தெரியாது. வட ஆற்காடு, செங்கல்பட்டு வட்டாரத்தில் வன்னியர்களின் ஆதரவோடு எம்.ஏ.மாணிக்கவேலு நாயக்கர் நடத்திய கட்சி அது. ராஜாஜி மந்திரிசபைக்கு ஆதரவு கொடுத்து, பிறகு காங்கிரசிலேயே கரைந்துபோனது.

1957-ல் காஞ்சிபுரம் தொகுதி காணாமல் போனது. அதன் எம்.பி. கிருஷ்ணசாமி சுயேச்சையாக செங்கல்பட்டுக்கு வந்து அழகேசனையே தோற்கடித்தார். அழகேசன் சாதாரண ஆள் அல்ல, அப்போது ரயில்வே துணை அமைச்சர். அந்தத் தேர்தலுக்குச் சில மாதம் முன்புதான், 1956 நவம்பரில், அரியலூர் ரயில் விபத்து நடந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்ததை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். அதே துறையின் துணை அமைச்சர் சொந்தத் தொகுதியில் தோற்றதைப் பாடப்புத்தகம் சொல்லாது. முதன்முறையாகத் தேர்தலில் நின்ற தி.மு.க. அரியலூரைப் பிரசாரத்தில் பெரிதாக எடுத்துக்கொண்டது.

அழகேசன் 1962-ல் செங்கல்பட்டைத் திரும்பப் பிடித்தார். பிறகு 1971-ல் திருத்தணி எம்.பி., 1977-ல் அரக்கோணம் எம்.பி. ஒரே மனிதர், மூன்று பெயருள்ள தொகுதிகள். அவர் ஊர் ஊராகத் தாவினார் என்று மட்டும் இதைப் பார்க்க முடியாது. 1960-ல் ஆந்திராவிடமிருந்து திருத்தணி வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. பதிலுக்கு சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. திருத்தணி பெயரில் தொகுதி உண்டாகி, அடுத்த வரையறையில் அதுவும் மறைந்து, அரக்கோணம் வந்தது. தரையே நகர்ந்துகொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

1967-லும் 1971-லும் செங்கல்பட்டில் ஜெயித்தவர் தி.மு.க.வின் சி.சிட்டிபாபு. சென்னை மேயராக இருந்தவர். நெருக்கடி நிலையில் மிசாவில் கைதாகி, சென்னை மத்திய சிறையில் அடிபட்டு, 1977 ஜனவரியில் உயிரிழந்தார். ஸ்டாலின் மீது விழ வேண்டிய அடிகளைத் தடுத்து வாங்கியவர் என்று தி.மு.க.வினர் இன்றும் சொல்வது இவரைத்தான். அவர் இறந்தபோது அந்த மக்களவை இன்னும் கலைக்கப்படவில்லை. அதாவது, செங்கல்பட்டு மக்கள் தேர்ந்தெடுத்த எம்.பி. பதவியில் இருக்கும்போதே சிறைக் கொடுமைக்குப் பலியானார். இந்தத் தொகுதியின் வரலாற்றில் இதைவிடக் கனமான பக்கம் இல்லை.

அதே நெருக்கடி நிலையில்தான் இன்னொரு காரியமும் நடந்தது. 1976-ல் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மாநிலங்களுக்கான நாடாளுமன்ற இடங்களை 1971 மக்கள்தொகைக் கணக்கோடு நிறுத்தி வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் இடங்களை இழக்கக் கூடாது என்பது காரணம். தமிழ்நாட்டுக்கு இந்த வலி ஏற்கெனவே தெரியும். 1962-ல் 41 இடங்கள் இருந்தவை 1967-ல் 39 ஆகியிருந்தன. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைகூட அந்த இரண்டு இடங்களைப் பற்றிக் கேள்வி எழுப்பியது.

1977 முதல் 2004 வரை செங்கல்பட்டு தொகுதிக்குள் இருந்தவை காஞ்சிபுரம், உத்திரமேரூர், அச்சிறுபாக்கம், மதுராந்தகம், திருப்போரூர், செங்கல்பட்டு என்ற ஆறு சட்டமன்றத் தொகுதிகள். இவற்றில் அச்சிறுபாக்கமும் திருப்போரூரும் தனித்தொகுதிகள். இந்தக் காலத்தில் அ.தி.மு.க., காங்கிரஸ், தி.மு.க., பா.ம.க. என்று எல்லோரும் மாறி மாறி ஜெயித்தார்கள். அந்தப் பட்டியல் முழுவதும் இங்கே தேவையில்லை. இரண்டு பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: 1984-ல் அ.தி.மு.க. சார்பில் ஜெயித்த எஸ்.ஜெகத்ரட்சகன், 1999-லும் 2004-லும் பா.ம.க. சார்பில் ஜெயித்த ஏ.கே.மூர்த்தி. (மூர்த்தியும் அழகேசன் மாதிரியே ரயில்வே துறையில் மத்திய இணை அமைச்சராக இருந்தார். செங்கல்பட்டு ரயில்வே ஜங்ஷனுக்கு இப்படி ஒரு ராசி!)

அடுத்தது 2002 சட்டப்படி அமைந்த தொகுதி மறுவரையறை ஆணையம். தலைவர் நீதிபதி குல்தீப் சிங். மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதை இந்த ஆணையம் தொட முடியாது. ஆனால் மாநிலத்துக்குள் 2001 கணக்கெடுப்பை வைத்துக் கோடுகளை மாற்றலாம். எது தனித்தொகுதி என்பதையும் மாற்றலாம். 2008-ல் ஆணை அமலுக்கு வந்தது.

ஒரு பழைய லெட்ஜரை மூடிப் புது லெட்ஜர் திறப்பது போல, கணக்கு ஏறக்குறைய அதேதான், தலைப்பு மட்டும் வேறு. அச்சிறுபாக்கம் தொகுதி ஒழிந்தது, செய்யூர் என்று புதிதாக ஒன்று வந்தது. மற்ற ஐந்து பெயர்களும் அப்படியே. செய்யூரும் மதுராந்தகமும் தனி ஆயின, திருப்போரூர் பொது ஆனது. மொத்தத்துக்கும் வைத்த பெயர் 'காஞ்சிபுரம் (தனி)'. 1957-ல் செத்துப்போன பெயர் ஐம்பது வருடம் கழித்து உயிர்பெற்றது, செங்கல்பட்டு செத்தது.

பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் இதற்கு எதிர்மாறு. ராஜீவ் காந்தி 1991-ல் கடைசியாகப் பிரசாரத்துக்கு வந்தது மரகதம் சந்திரசேகருக்காக. அப்போது அது தனித்தொகுதி. 2008-ல் பொதுத்தொகுதி ஆனது. தமிழ்நாட்டில் மொத்தம் ஏழு நாடாளுமன்றத் தனித்தொகுதிகள். ராசிபுரம், பெரம்பலூர், பொள்ளாச்சி, ஸ்ரீபெரும்புதூர் போய், திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம், நீலகிரி வந்தன. சிதம்பரம், நாகப்பட்டினம், தென்காசி மட்டும் மாறவில்லை.

உட்கார்ந்திருந்த எம்.பி. மூர்த்தி என்ன செய்தார்? சொந்தத் தொகுதியில் நிற்க முடியாது. 2009-ல் ஸ்ரீபெரும்புதூரில் நின்று டி.ஆர்.பாலுவிடம் தோற்றார். 2019-ல் அரக்கோணத்தில் நின்றபோது அவரைத் தோற்கடித்தவர் யார் தெரியுமா? இப்போது தி.மு.க.வில் இருக்கும் அதே ஜெகத்ரட்சகன். செங்கல்பட்டின் இரண்டு முன்னாள் எம்.பி.க்கள் செங்கல்பட்டே இல்லாத காலத்தில் அரக்கோணத்தில் மோதிக்கொண்டார்கள்.

ரிசர்வ் ஆனதால் 'எங்கள் தொகுதி போய்விட்டது' என்ற புலம்பல் எல்லாத் தனித்தொகுதியிலும் கேட்பதுதான். ஆனால் இந்த மண்ணின் கதையைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்வதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நிலமில்லாமல், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் அவர்கள் இருந்ததை அது விவரித்தது. அடுத்த ஆண்டு அரசு ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான். அந்த நிலங்கள் பின்னாளில் கைமாறிப்போக, நூறு வருடம் கழித்து 1994 அக்டோபரில் இதே செங்கல்பட்டுப் பகுதியில் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டம் நடந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள்.

தனித்தொகுதி என்ற ஏற்பாட்டிலேயே இந்த மாவட்டத்துக்காரர் ஒருவரின் கையெழுத்து இருக்கிறது. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் கோழியாளத்தில் பிறந்தவர் ரெட்டமலை சீனிவாசன். அம்பேத்கரோடு லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவர். தாழ்த்தப்பட்டோர் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியைத்தான் இருவரும் கேட்டார்கள். 1932-ல் அது கிடைத்தது. காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு பூனா ஒப்பந்தத்தில் அது கைவிடப்பட்டு, எல்லோரும் ஓட்டுப் போட்டு ஒரு தாழ்த்தப்பட்டவரைத் தேர்ந்தெடுக்கும் இன்றைய முறைக்கு அடித்தளம் விழுந்தது. சீனிவாசனும் அதில் கையெழுத்திட்டார். ஆனால் அவர் பிறந்த மண் நாடாளுமன்றத் தனித்தொகுதியாகி முதல் தேர்தலைச் சந்தித்தது 2009-ல்தான். பூனா ஒப்பந்தத்திலிருந்து 77 ஆண்டுகள்! அப்போது காங்கிரசின் பி.விஸ்வநாதன் ஜெயித்தார். 2014-ல் அ.தி.மு.க.வின் மரகதம், தி.மு.க.வின் ஜி.செல்வத்தைத் தோற்கடித்தார், 2019-ல் முடிவு திரும்பியது, 2024-லும் செல்வமே ஜெயித்தார்.

திருப்போரூர் பொது ஆனதும் தலித் அரசியலுக்கு அங்கே இடமில்லாமல் போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. 2021-ல் அந்தப் பொதுத்தொகுதியில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி பா.ம.க.வை 2 ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றது.

அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை காங்கிரஸ் தொகுதிகளின் எல்லையை மாற்றுகிறார்கள். பல மாநிலங்களில் கோடு போடுவது சட்டமன்றத்தில் பெரும்பான்மை உள்ள கட்சியே. 1812-ல் மாசசூசெட்ஸ் கவர்னர் எல்பிரிட்ஜ் கெர்ரி ஒப்புதல் தந்த ஒரு தொகுதி 'சாலமாண்டர்' போல் வளைந்திருந்ததால் 'கெரிமாண்டர்' என்ற கேலிப் பெயரே வந்தது. நம் ஊரில் ஆணையம் போடுவதால் அந்த அளவு கூத்து இல்லை. ஆனால் ஆணையத்தின் கோட்டை எதிர்த்து நீதிமன்றம் போக அரசியல் சட்டத்தின் 329ஆவது பிரிவு பெரும்பாலும் இடம் தருவதில்லை. நம் பிரச்சினை வேறு: அங்கே அடிக்கடி மாற்றுகிறார்கள், இங்கே மாற்றாமலே விட்டு ஒரேயடியாக மாற்றுகிறார்கள்.

நடுவில் நிர்வாக எல்லை தன் பாட்டுக்கு ஓடுகிறது. 1997-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. விளைவு? காஞ்சிபுரம் நாடாளுமன்றத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் செங்கல்பட்டு, திருப்போரூர், செய்யூர், மதுராந்தகம் ஆகிய நான்கும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருப்பவை இரண்டுதான். செங்கல்பட்டு மாவட்டத்தின் மற்ற மூன்றில் பல்லாவரமும் தாம்பரமும் ஸ்ரீபெரும்புதூருக்கும், சோழிங்கநல்லூர் தென்சென்னைக்கும் போய்விட்டன. ஒரு கலெக்டர், மூன்று எம்.பி.க்கள்.

அந்த சோழிங்கநல்லூரில்தான் அடுத்த மாற்றத்தின் விதை இருக்கிறது. 2008-ல் கோடு போட்டபோது ஓ.எம்.ஆர். சாலையின் கட்டடங்களில் பாதிகூட எழும்பவில்லை. 2021-ல் அங்கே வாக்காளர்கள் ஏறத்தாழ 7 லட்சம். அதே தேர்தலில் சென்னைத் துறைமுகம் தொகுதியில் 2 லட்சத்துக்கும் குறைவு. ஒரு சோழிங்கநல்லூர் ஓட்டின் எடை துறைமுகம் ஓட்டில் கால் பங்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

2002-ல் நடைமுறைக்கு வந்த 84ஆவது திருத்தம், மாநிலங்களுக்கான இடங்களை 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நிறுத்தி வைத்தது. அடுத்து எப்போது கோடு போட்டாலும் சோழிங்கநல்லூரை அப்படியே விட முடியாது. கோடு தெற்கே கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கம் நகர வாய்ப்பு அதிகம். இன்னொரு விஷயமும் இருக்கிறது. தனித்தொகுதிகளை முடிந்தவரை தாழ்த்தப்பட்டோர் விகிதம் அதிகமுள்ள இடங்களில் வைக்க வேண்டும் என்பது சட்டம். வெளியூர்களிலிருந்து வந்து அடுக்குமாடிகளில் குடியேறுவோர் கூடக்கூட, இங்கேயே தலைமுறைகளாக இருக்கும் மக்களின் எண்ணிக்கை குறையாமலே அவர்களின் விகிதம் குறையலாம். அப்போது 2009-ல் வந்த தனித்தொகுதி மறுபடி வேறு ஊருக்குப் போய்விடக்கூடும்.