மனையே ஆலயமான காலம்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைக் கடலைக் கடந்து மேற்கே செல்வோர், வேலணைத் தீவிலே முதற்கண் அல்லைப்பிட்டியையும் அதனையடுத்து மண்கும்பானையும் காண்பர். மணல் மேடும் பனையும் கடற்காற்றும் நிறைந்த இவ்வூர்ப் புறங்களிலே சைவ ஆலயங்களும் கத்தோலிக்க ஆலயங்களும் அயலயலாக விளங்குகின்றன. சாட்டிக் கடற்கரையிலே சிந்தாத்திரை மாதா கோயில் கொண்டுள்ளாள். அல்லைப்பிட்டி ஆலயமோ புனித பிலிப்பு நேரியார் பெயரால் அமைந்தது. உரோமாபுரியில் வாழ்ந்த இத்தாலியர் ஒருவர் பெயர் இத்தீவின் மணலிலே நிலைத்திருத்தல் வியப்பன்றோ? அப்பெயரின் வழியே பின்னோக்கிச் செல்வோமாயின், ஆலயமும் குருவும் இல்லாத காலத்திலே வீடே கோயிலாகித் தன் சமயத்தைக் காத்த ஒரு மக்கட்கூட்டத்தின் வரலாற்றினை அடைவோம்.

பிலிப்பு நேரியார் 1515ஆம் ஆண்டிற் பிறந்து 1595ஆம் ஆண்டில் மறைந்தவர். முகமலர்ச்சியே துறவுக்கு அழகெனக் கொண்டமையால் மகிழ்ச்சியின் புனிதர் எனப் போற்றப்படுபவர். அவர் உரோமாபுரியிலே தம் சிற்றறையில் இல்லறத்தாரைக் கூட்டி, நூல் வாசித்து, எளிய மொழியில் அளவளாவி, தாய்மொழிப் பாடல்களை இசைத்து இறைவனை வழிபட்டார். அக்கூட்டத்தினின்றும் தோன்றியதே ஒறற்றோரியன் சபை. அம்முறையைத் தழுவிக் கோவாவிலே இந்தியக் குருமார் அமைத்த சபையைச் சேர்ந்தவர்களே பிற்காலத்தில் ஈழநாட்டுக் கத்தோலிக்கரைத் தேடிவந்தனர்.

அவர்கள் வருகைக்கு நேர்ந்த காரணத்தை இனி நோக்குவோம். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசினைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் சைவ ஆலயங்களை இடித்தனர்; ஊர்தோறும் தம் ஆலயங்களை எழுப்பினர். 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அவர்களை வென்றனர். வேலணைத் தீவு லைடன் என்றும், புங்குடுதீவு மிடில்பேர்க் என்றும், காரைதீவு அம்ஸ்ரடாம் என்றும், நெடுந்தீவு டெல்வ்ற் என்றும் ஒல்லாந்து நகர்ப் பெயர்களைப் பெற்றன. பெயர் மாறியதுபோலச் சமயமும் ஆணையால் மாறுமென ஆள்வோர் கருதினர். கத்தோலிக்க ஆலயங்கள் அவர்தம் சீர்திருத்தச் சபைக்கு உரியனவாயின. குருமார் நாட்டினின்றும் அகற்றப்பட்டனர். அவர்க்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரணதண்டனை என்று அவ்வாண்டிலேயே விளம்பரஞ் செய்யப்பட்டது. ஞானஸ்நானமும் திருமணமும் சீர்திருத்தச் சபையிற் பதியப்படல் வேண்டுமென்றும், பிள்ளைகள் அச்சபைப் பாடசாலைக்குச் செல்லல் வேண்டுமென்றும் விதிக்கப்பட்டது. பாடசாலைத் தோம்புகளிலே குடும்பங்கள் வரிசையாகப் பதியப்பட்டன.

இந்நிலையிற் கத்தோலிக்க மக்கள் யாது செய்தனர்? 1658 தொடங்கி 1687 வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், அவர்களிடை நிலையாகத் தங்கிப் பணிசெய்யக் குருவானவர் எவருமிலர். ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மணம்புரிதற்குப் போதிய காலம் இது. அக்காலத்தே சமயத்தைத் தாங்கியது குடும்பமே. அந்திப்பொழுதிலே வீட்டின் உள்ளறையில் விளக்கேற்றிச் சொல்லப்படும் செபமாலைக்குக் குருவும் வேண்டா, நூலும் வேண்டா, மணிமாலை இல்லையெனின் விரல்களே போதும். ஐம்பத்துமூன்று மணிச் செபம் என நம் கத்தோலிக்க மக்கள் வழங்கும் அவ்வழிபாட்டிலே ஒருவர் முற்பகுதியைச் சொல்ல, ஏனையோர் பிற்பகுதியை ஒருமித்துச் சொல்வர். எழுத்தறியாத பாட்டியும் மழலை நீங்காத பேரனும் அங்கே சமமாகப் பங்கு கொள்வர். அண்ணாவியும் மூப்பரும் மந்திரங்களைக் கற்பித்தனர்.

இச்செபமாலையிலே சந்தோஷ தேவ இரகசியங்கள் என ஐந்து உள்ளன. கன்னிமரியாள் வானதூதரின் மங்களச் செய்தி கேட்டது, உறவினளாகிய எலிசபெத்தம்மாளைக் காணச் சென்றது, மகவு பிறந்தது, அம்மகவைக் கோயிலிற் காணிக்கையாக்கியது, காணாமற்போன பிள்ளையைக் கண்டெடுத்தது என்பன அவை. ஐந்தும் ஒரு குடும்பத்தின் இன்ப நிகழ்ச்சிகளே என்பது நோக்கத்தக்கது. பிள்ளைப்பேறும் உறவினர் வருகையும் எவ்வீட்டிற்கும் உரியன. ஆதலின், வெளியே ஆணையும் தண்டமும் அச்சுறுத்திய நாளிலும், உள்ளே தம் மகிழ்ச்சியினையே இறைவன் கதையாகக் கூறி மகிழ்தற்கு அவர்களுக்கு வழியிருந்தது.

1687ஆம் ஆண்டிலே கோவா ஒறற்றோரியன் சபைக் குருவாகிய யோசேவ் வாஸ் அடிகள் ஏழைக் கூலியாள் போன்று வேடம் பூண்டு ஈழத்திற்கு வந்தார். நோயினால் மெலிந்த உடலோடு யாழ்ப்பாணத்தில் வீடுவீடாக இரந்து திரிந்த அவர், கத்தோலிக்கர் யாவரென அறிதற்பொருட்டுச் செபமாலையொன்றைக் கழுத்தில் அணிந்து சென்றார். அம்மாலையே இருதரத்தாரையும் ஒருவர்க்கொருவர் அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு வீட்டிலும் மறைவாகப் போற்றப்பட்டுவந்த ஒன்றனையே அவர் வெளியில் அணிந்து வந்தாரென்க. சில்லாலை மக்கள் அவரைத் தம்மிடையே வைத்துக் காத்தனர். இரவிலே வீடுகளிற் பூசை நிகழ்ந்தது.

1690ஆம் ஆண்டையொட்டிய ஒரு கிறிஸ்து பிறப்புத் திருநாளிரவிலே யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டிற் கூடிய கத்தோலிக்கரை ஒல்லாந்தப் படைவீரர் வளைத்துக் கொண்டனர். சிறைப்பட்டோர் ஏறக்குறைய 300 பேர் என்பர். அவருட் சிலர் கடுந்தண்டனைக்கு உள்ளாயினர். அடிகள் அகப்படாது தப்பினார். அச்சமே அம்மக்களின் இயல்பாக இருந்திருப்பின், அவரவர் தத்தம் மனைக்குள் அடங்கியிருந்திருப்பர். பிடிபட்டால் வருவது யாதென அறிந்தும், பாலன் பிறந்த இரவைத் தனித்துக் கொண்டாட அவர்கள் மனம் ஒருப்படவில்லை. மகிழ்ச்சியென்பது பகிர்ந்துகொள்ள விழைவது. அவ்விழைவே அவர்களை அவ்விரவில் ஒரு கூரையின்கீழ்ச் சேர்த்தது.

1705ஆம் ஆண்டில் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்கள் இயற்றி, இவ்வழிபாட்டிற்குச் சொல்வளம் அளித்தார். அவர் செய்த வியாகுலப் பிரசங்கம் இன்றும் தவக்காலத்தில் இசையோடு வாசிக்கப்படுகின்றது. துயரைக் கூடியழுது ஆற்றுதலும் களிப்பைக் கூடிப் பாடுதலும் ஒரே குடும்ப வாழ்வின் இருபாலன்றோ?

இது கத்தோலிக்கர்க்கு மாத்திரம் உரிய அனுபவமன்று. சைவமக்களும் அக்காலத்தே விரதநாளில் உணவுண்ட வாழையிலையை வெளியில் எறிய அஞ்சி, வீட்டுக் கூரையிலே செருகி மறைத்தனர் என்னும் செவிவழிச் செய்தியை நம் முதியோர் கூறக் கேட்டுள்ளோம். ஒரே தோம்பிலே பெயரெழுதப்பட்ட இரு அயலவர், ஒருவரது உள்ளறையிற் செபமாலையும் மற்றவர் உள்ளறையிற் திருநீறுமாக வாழ்ந்தனர். போர்த்துக்கேயர் ஆட்சியிற் சைவர்க்கு நேர்ந்த இன்னல், ஒல்லாந்தர் ஆட்சியில் அப்போர்த்துக்கேயரின் சமயத்தார்க்கும் நேர்ந்தது. பிறர் வழிபாட்டினை வன்மையால் தடுக்கும் கொள்கை ஒருநாள் எவர்பக்கமும் திரும்பும் என்னும் படிப்பினை இதனுள் அடங்கியுளது.

1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். 1806ஆம் ஆண்டிலே தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை நீக்கினார். ஆணை தளர்ந்ததும், தோம்பிலே பல்லாயிரவராகக் காணப்பட்ட சீர்திருத்தச் சபையார் விரைவிற் குறைந்தனர். சைவர் தம் ஆலயங்களை மீண்டும் எழுப்பினர். கத்தோலிக்கரும் தம் ஆலயங்களைக் கட்டி வெளிப்பட்டனர். ஏட்டிலே எழுதப்பட்ட சமயம் ஏட்டோடு ஒழிந்தது. வீட்டிலே ஓதப்பட்ட சமயமோ நிலைத்தது.

யோசேவ் வாஸ் அடிகள் 2015ஆம் ஆண்டிற் கொழும்பிலே புனிதராக உயர்த்தப்பெற்றார். அவ்விழாவிற்கு முந்திய ஆண்டுகளில் தீவகமோ மீண்டும் துயரங் கண்டது. 1990ஆம் ஆண்டுப் போரினால் மக்கள் ஊர்விட்டு ஓடினர். 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அல்லைப்பிட்டிப் பிலிப்பு நேரியார் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்து பலர் மாண்டனர். கல்லாலான ஆலயம் காவலாகாத நாளும் உண்டென்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. அத்தகைய நாளில் அகதியாகச் சென்ற குடும்பம் தன்னுடன் எடுத்துச் செல்லக்கூடியது யாது? தாயும் தந்தையும் மக்களும் ஒருங்கிருந்து மனமகிழ்ந்து ஓதிய சொற்களே. எச்சமயத்தாராயினும், அந்தி விளக்கின் முன்னே அச்சொற்களைத் தம் மக்களுக்குக் கற்பிப்பாராயின், அவர்தம் கோயிலை இடிக்க எவராலும் இயலாது.