டே கேர் பிள்ளைக்கு மூன்று வாரமாக இருமல்: பையில் சிரப் வைத்து அனுப்பலாமா?

கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு, கொஞ்ச தூரத்தில் பொள்ளாச்சி. வேலைக்கும் டாக்டருக்கும் இரண்டு பக்கமும் போய்வருவது இங்கே சாதாரணம். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், பக்கத்துத் தெருச் சேச்சி வீட்டு டே கேர்தான் பிள்ளைக்குப் பகல் நேர வீடு. காலையில் டிபன் பாக்ஸ், மாற்று உடுப்போடு ஒரு சிரப் பாட்டிலும் பையில் ஏறிவிடுகிறது. "சேச்சி, மத்தியானம் அஞ்சு எம்.எல். குடுத்துடுங்க, இருமல் நிக்கவே மாட்டேங்குது."

அந்த பாட்டில் பெரும்பாலும் தேவையே இல்லை. சில நேரம் ஆபத்தானதும்கூட.

இத்தனை நாள் சளி இருப்பது நார்மலா?

நார்மல்தான். குழந்தைகளின் சளி, இருமல் எத்தனை நாள் நீடிக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2013-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்தது. சாதாரணச் சளி 90 சதவீதக் குழந்தைகளுக்குச் சரியாக 15 நாள் ஆகிறது. இருமலுக்கு 25 நாள். பாதிப் பிள்ளைகளுக்குப் பத்தாவது நாளிலும் இருமல் இருக்கும். "ஒரு வாரத்தில் போயிடும்" என்று நாம் போட்டு வைத்திருக்கும் கணக்குதான் தப்பு.

சின்னக் குழந்தைகளுக்கு வருடத்துக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது வழக்கம். ஒரு டே கேரில் ஆறு பிள்ளைகள், ஆளுக்கு எட்டு முறை என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 48 சளி, கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒன்று. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவும்போது, பழைய சளி போகும் முன்பே புது வைரஸ் வந்து உட்காருகிறது. வீட்டிலிருந்து பார்க்கும் நமக்கு அது மூன்று மாதம் விடாத ஒரே சளி மாதிரி தெரியும். நடுவில் இரண்டு மூன்று நாளாவது பிள்ளை தெளிவாக இருந்ததா என்று காலண்டரில் குறித்துப் பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் அது வேறு வேறு சளி.

டே கேரை நிறுத்திவிடலாமா என்ற யோசனை இந்தக் கட்டத்தில்தான் வரும். அமெரிக்காவின் டூசான் நகரில் பிறந்ததிலிருந்து குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள டே கேருக்குப் போனவர்களுக்கு இரண்டு வயதில் சளி அதிகம். பள்ளிக்கூட வயதிலோ வீட்டிலேயே வளர்ந்த பிள்ளைகளைவிடக் குறைவு.

அப்போ சிரப்பில் என்ன பிரச்சினை?

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் சளி, காய்ச்சலுக்கு மருந்து குடித்த குழந்தைகள் அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இறந்தவர்கள் 20-க்கும் மேல். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். 'கோல்ட்ரிஃப்' என்ற அந்த சிரப், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் ஃபார்மா ஆலையில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எஸ்.ஆர்.-13 என்ற பேட்சைச் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. பிரேக் ஆயில், தொழிற்சாலைக் கரைப்பான்களில் பயன்படும் நச்சு ரசாயனம் அது. மருந்தில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2022-இல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகளின் மரணத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட இந்திய சிரப்களிலும் இதே வகை நச்சைத்தான் உலக சுகாதார நிறுவனம் கண்டறிந்தது.

தமிழ்நாடு கோல்ட்ரிஃப் விற்பனையை நிறுத்தியது, கேரளமும் அக்டோபர் 4-ஆம் தேதி நிறுத்தியது. 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்து கொடுக்கக் கூடாது, பழைய சீட்டை வைத்தும் கொடுக்கக் கூடாது என்று கேரள சுகாதாரத் துறை உத்தரவிட்டது. எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: உத்தரவு மெடிக்கல் ஷாப்புக்குத்தான், பொள்ளாச்சியில் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்த பாட்டிலை யாரும் வந்து பார்க்கப் போவதில்லை.

நச்சு கலந்ததுதான் செய்தியானது. அதைவிடக் குறைவாகப் பேசப்பட்டது, கலப்படம் இல்லாத கோல்ட்ரிஃப்பும் அந்த வயதுக் குழந்தைகளுக்கு உரியதல்ல என்பது. அதில் இருந்தவை பாராசிட்டமால், குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின். பின்னிரண்டும் சேர்ந்த கூட்டு மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது, அதை லேபிளில் அச்சடிக்க வேண்டும் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பர் 18-ஆம் தேதியே சொல்லியிருந்தது. மரணங்களுக்குப் பிறகு, 2025 அக்டோபர் 3-ஆம் தேதி மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் இன்னும் தெளிவாகச் சொன்னது: இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து எழுதவே வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழேயும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

காய்ச்சலுக்கான பாராசிட்டமால் வேறு கதை, அது தேவைப்படும். ஆனால் ஒரே பிராண்டிலேயே 5 மில்லிக்கு 120 மி.கி., 250 மி.கி. என இரண்டு வீரியம் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மி.கி. டோஸ் பிள்ளையின் எடையைப் பொறுத்தது. "அஞ்சு எம்.எல்." என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், எந்த பாட்டில் என்பதைப் பொறுத்து டோஸ் இரண்டு மடங்காகிவிடும். கூட்டு சிரப்பிலும் பாராசிட்டமால் இருந்தால் அது தனிக் கணக்கு. அதனால் டே கேருக்கு மருந்து போகிறது என்றால் இப்போதைய டாக்டர் சீட்டு, பாட்டிலோடு வந்த அளவு மூடி, கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்ற குறிப்பு மூன்றும் போக வேண்டும். சீட்டு இல்லாத மருந்தைக் கொடுக்க மாட்டேன் என்று சேச்சி சொன்னால் கோபப்பட வேண்டாம், அவர் சொல்வதுதான் சரி.

சரி, என்னதான் செய்வது?

மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, அடிக்கடி தண்ணீர், கஞ்சி, தாய்ப்பால். ஒரு வயது தாண்டியிருந்தால் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் இரவு இருமலைக் குறைக்கும். ஒரு வயதுக்குள் தேன் வேண்டவே வேண்டாம், பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். சூடத்தைத் துணியில் கட்டி மூக்கருகே வைப்பதையும், சூடம் கலந்த தைலம் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள். குழந்தை உடலுக்குள் சூடம் போனால் வலிப்பு வரும். நாலைந்து பிள்ளைகள் ஓடும் வீட்டில் ஆவி பிடிக்கக் கொதிநீர்ப் பாத்திரம் வைப்பது தீக்காயத்துக்கு வழி. மூக்குச்சளி மஞ்சளோ பச்சையோ ஆனால் உடனே ஆன்டிபயாடிக் என்பதும் தப்பு. வைரஸ் சளியிலும் நிறம் அப்படித்தான் மாறும்.

மூக்கு ஒழுகுகிறது என்பதற்காக மட்டும் பிள்ளையை வீட்டில் நிறுத்த வேண்டியதில்லை. முதல் இரண்டு மூன்று நாளில்தான் தொற்று அதிகம் பரவுகிறது, அதுவும் சளி வெளியே தெரியும் முன்பே தொடங்கிவிடும். காய்ச்சல் இருந்தால், விளையாடவோ சாப்பிடவோ முடியாமல் துவண்டிருந்தால் வீடுதான் நல்லது. டே கேரில் பார்க்க வேண்டியது: மூக்கு துடைத்த பிறகு கை கழுவுகிறார்களா, ஆளுக்கொரு துவர்த்து இருக்கிறதா, ஜன்னல் திறந்திருக்கிறதா. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பிள்ளைக்கு ஆகாது என்று மார்கழியில் எல்லாவற்றையும் அடைத்துவிடும் வீடுகள் உண்டு. வைரஸுக்கு அது ரொம்ப வசதி.

எப்போது காத்திருக்கக் கூடாது?

பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, போன் டைமரில் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி இரண்டு மாதத்துக்குக் கீழே 60, 2 முதல் 11 மாதம் வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40. அதை எட்டினாலோ தாண்டினாலோ அது வெறும் சளி அல்ல, நிமோனியாவாக இருக்கலாம். விலா எலும்புக்குக் கீழே உள்வாங்குவது, உதடு நீலமாவது, பால் குடிக்காதது, எழுப்பினாலும் எழாதது, வலிப்பு இதில் எது இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரி. சேச்சிக்கும் இந்த எண்கள் தெரிந்திருக்க வேண்டும், எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடலாம்.

அவசரம் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டியவை சில. மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், விட்டு மறுபடி வரும் காய்ச்சல். ஒரே மூக்குத் துவாரத்தில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே மணியோ கடலையோ இருக்கலாம். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென இருமல் தொடங்கினால் எதையோ விழுங்கிப் புரையேறியிருக்கலாம், இதற்கு உடனே போக வேண்டும். இரண்டு வாரம் தாண்டிய இருமலோடு எடை குறைந்தால், அல்லது வீட்டிலோ டே கேரிலோ யாருக்காவது காசநோய் இருந்தால், பரிசோதனை கட்டாயம். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் கேரளத்தில் 1056 அல்லது 104, தமிழ்நாட்டில் 104.

ஏற்கெனவே சிரப் கொடுத்தாகிவிட்டது என்றால் பதற வேண்டாம், நிறுத்திவிட்டுக் கவனியுங்கள். வாந்தி, வயிற்றுவலி, வழக்கத்தைவிட டயபர் நனைவது குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது பாட்டிலைத் தூக்கி எறியாமல் கையில் கொண்டுபோங்கள், பேட்ச் எண் அதில்தான் இருக்கும்.